லொரீன் ஸ்லோன் வரிக்கு ஆள் பிடித்த கதை

நாயைப் பார்த்தே அதை வளர்க்கிறவனை எடை போட்டுவிடுவாள் லொரீன் ஸ்லோன். காதில் அழுக்கு அடைந்த நாய் வந்தால், அந்த வீட்டுச் சமையலறை எந்த லட்சணத்தில் இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். நகம் வளைந்து சதைக்குள் இறங்கிய நாய் வந்தால், "இவனெல்லாம் புள்ள பெத்துக்காம இருந்தா நாட்டுக்கு நல்லது" என்பாள். கொண்டுவந்து விட்டவன் தன் வண்டியில் ஏறி உட்காரும்வரைகூடப் பொறுக்க மாட்டாள். அவன் காதில் விழவேண்டும் என்றுதான் சொல்வதே. கென்டக்கி மலைப்பக்கத்தில், மார்லோ ஃபோர்க் என்ற அந்தச் சிற்றூரில், நாயைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிட வேறு ஆள் கிடையாது. அதனால் வாங்கிக் கட்டிக்கொண்டும் வந்துகொண்டிருந்தார்கள்.

அவள் மதிக்கிற மனிதர் என்று ஊரில் ஒருவரைச் சொல்லிவிட முடியாது. போதகர், பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவர். பள்ளித் தலைமையாசிரியர், பெண்டாட்டியின் கார் சத்தம் கேட்டாலே சட்டைப் பொத்தானைச் சரிசெய்கிறவர். ஒஹையோவில் இருக்கும் சொந்தத் தங்கை, புருஷன் அனுமதி இல்லாமல் தும்மக்கூடத் தெரியாதவள். ஆனால் இந்த இளக்காரங்களையெல்லாம் ஒன்றாகக் கட்டி ஒருத்தியின் தலைமேல் வைத்தாலும் டெல்ஃபா நேப்பியருக்குப் போதாது என்பது லொரீனின் எண்ணம்.

டெல்ஃபா வரிக் கணக்குப் போடுகிறவள். அரசாங்க வரித்துறை நடத்தும் தேர்வு எழுதித் தேறி, உரிமம் வாங்கி, யார் கணக்கில் சிக்கல் வந்தாலும் வரித்துறையின் முன்னால் போய் அவர்களுக்காகப் பேசும் தகுதி பெற்றவள். சுற்றுவட்டாரத்தில் அப்படி ஒருத்திதான். லொரீனுக்கும் அவள் கணவன் ஆர்விலுக்கும் ஆண்டுதோறும் கணக்குப் போட்டவளும் அவளே. நிலக்கரிச் சுரங்கம் மூடப்பட்டு, லாரி ஓட்டும் வேலை போய், சோபாவில் பள்ளம் விழும் அளவுக்கு உட்கார்ந்தே கிடந்த ஆர்விலை, ஒரு பிப்ரவரி மாதம் லொரீன்தான் விரட்டினாள்: "இந்தக் காகிதத்தையாவது கொண்டுபோய் அவகிட்ட குடுத்துட்டு வாய்யா. வீட்ல ஒரு காரியம் உன்னால நடந்துச்சுன்னு இருக்கட்டும்."

போனான். ஏதோ ஒரு காகிதம் குறைகிறது என்று மறுபடி போனான். கணக்கு தாக்கல் ஆன பிறகும் போனான். வசந்தம் முடிவதற்குள் துணிமணியோடு போய்விட்டான். ஆர்விலுக்கு அந்த வருஷ ரீஃபண்டாக ஒரு பெண்டாட்டியே கிடைத்தாள் என்று ஊரில் சிரித்தார்கள். லொரீனும் சேர்ந்து சிரித்தாள். ஆர்வில் போனதில் அவளுக்கு வருத்தம் இருந்ததாக யாரும் பார்க்கவில்லை. அவளால் பொறுக்க முடியாதது வேறு. தான் வேண்டாமென்று ஓரம் தள்ளிய ஒன்றை, படித்த ஒருத்தி ஆசைப்பட்டு எடுத்துக்கொண்டாளே, அவள் படிப்பு என்ன படிப்பு!

அடுத்த வருஷம் வரிக் காலம் வந்தபோது லொரீனுக்கு ஆள் இல்லை. நாய்க்குளியல் அவளுடைய சொந்தத் தொழில். அதற்கான கணக்கு சம்பளக்காரர்களுடையதைப் போல எளிதில் முடியாது. டெல்ஃபாவிடம் போவதற்குச் செத்துப்போகலாம். மலை தாண்டி ஒரு மணி நேரம் ஓட்டினால் நகரத்தில் வேறு ஆடிட்டர்கள் இருந்தார்கள். அதற்கு ஒரு நாள் பிழைப்பு போகும்.

பக்கத்து வீட்டு நெட்ரா வேலியில் வந்து சாய்ந்து நின்றாள். அவள் சபைக்குப் போகிறவள். வாரத்துக்கு ஒரு புதுச் செய்தி கொண்டுவருவாள்.

"ஏண்டி லொரீன், நம்ம பிரதர் ராய்ஸ்கிட்ட போயேன். சபை மொத்தமும் அவருகிட்டதான் போடுது. எனக்கு எவ்ளோ திரும்பி வந்துச்சு தெரியுமா? கூரையே மாத்திட்டேன்."

"எந்த ராய்ஸ்? ஓட்டை ட்ரெய்லர் வீட்டையெல்லாம் பெயிண்ட் அடிச்சு வித்தானே, அந்த டாக்கெட் பயலா?"

"அது அப்போ. இப்போ மனுஷன் மாறிட்டாரு."

"செருப்பு மாறிச்சா? வெள்ளையா ஒண்ணு போட்டுக்கிட்டுத் திரிவானே?"

செருப்பும் மாறவில்லை. மெத்தைக் கடை மூடிக் காலியாகக் கிடந்த இடத்தை ராய்ஸ் டாக்கெட் வாடகைக்கு எடுத்திருந்தான். 'அதிக ரீஃபண்டுக்கு உத்தரவாதம்' என்று வாசலில் ஒரு துணிப் பலகை. உள்ளே ஒரு மேசை, ஒரு மடிக்கணினி, ஒரு பைபிள், ஒரு மிட்டாய்க் கிண்ணம். லொரீன் உட்கார்ந்ததும் அவன் கண்ணை மூடி ஜெபம் பண்ணினான். லொரீன் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தாள். முடியில் சாயம். கழுத்துவரை அது இறங்கியிருந்தது. நாயாக இருந்தால் இன்னொரு தடவை அலசிவிட்டிருப்பாள்.

"சொல்லுங்க சிஸ்டர். தொழில் எப்படிப் போகுது?"

அவள் கொண்டுபோயிருந்த ரசீதுப் பெட்டியை மேசைமேல் வைத்தாள். அவன் அதைத் திறக்கவில்லை. அன்போடு திருப்பி அவள் பக்கமே தள்ளினான்.

"அதெல்லாம் வேணாம். எனக்கு ஒரு அனுபவம் இருக்கில்ல? ஆண்டவர் உங்களுக்கு வச்சிருக்கறத நான் எடுத்துக் குடுக்கப் போறேன், அவ்ளோதான்."

"உன் கூலி?"

"திரும்பி வர்றதுல ஒரு பங்கு. நிறைய வந்தா ரெண்டு பேருக்கும் நல்லது."

ஒரு படிவத்தை எடுத்து நீட்டினான். அதன் கடைசிப் பக்கத்தில் கணக்கைத் தயாரித்தவர் கையெழுத்துக்கென்று ஓர் இடம் இருப்பது அவளுக்குத் தெரியும். டெல்ஃபாவின் கோணாத, பள்ளிக்கூடத்து எழுத்தை அங்கே வருஷாவருஷம் பார்த்திருக்கிறாள். இந்தத் தாளில் அது வெறுமையாக இருந்தது. மேலேயும் பாதி நிரப்பப்படாமல்தான் இருந்தது.

"இங்க நீ போடணுமில்ல?"

"நான் என்ன ஆடிட்டரா சிஸ்டர்? இது ஒரு ஊழியம். உங்க கணக்கு, நீங்க போட்டா போதும். இதோ இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு."

இவன் திருடன் என்று லொரீனுக்கு அப்போதே தெரியும். பிற்பாடு யார் கேட்டபோதும் அவள் ஏமாந்துவிட்டதாகச் சொன்னதில்லை. ஏமாறுவதை முட்டாள்களுக்கு உரியதாக நினைத்தவள் அவள். டெல்ஃபாவின் படியேறுவதைவிட இவன் மிட்டாயைத் தின்பது மேல் என்று தோன்றியது. கையெழுத்துப் போட்டாள். அவள் கேட்ட ஒரே கேள்வி, "சீக்கிரம் முடியுமா?" என்பதுதான்.

பணம் வந்தது. அவள் எதிர்பார்த்ததைப் போலப் பல மடங்கு. அவளுடைய இளக்காரத்துக்கு அது கொஞ்ச நாள் விடுமுறை கொடுத்தது. பெரிய நாய்களை ஏற்றி இறக்க மின்சாரத்தில் உயரும் மேசை ஒன்றும், குதிரையே உலர்ந்துவிடும் அளவுக்குக் காற்றடிக்கும் உலர்த்தி ஒன்றும் வாங்கினாள். "ராய்ஸ் அயோக்கியன்தான், ஆனா வேலை தெரிஞ்சவன்" என்று நெட்ராவிடம் சொன்னாள். அவள் வாயிலிருந்து வந்ததில் அது பெரிய பாராட்டு. மறு வருஷமும் அவனிடமே போனாள்.

அந்தக் கோடையில் வரித்துறையிலிருந்து கடிதம் வந்தது. உங்கள் பண்ணை டிராக்டர்களுக்கு ஊற்றிய டீசலுக்காக இவ்வளவு வரிச்சலுகை பெற்றிருக்கிறீர்கள், அதற்கான ரசீதுகளை அனுப்பவும் என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். லொரீன் ஜன்னல் வழியே தன் பண்ணையைப் பார்த்தாள். நாய் குளிப்பாட்டும் ட்ரெய்லர் ஒன்று, ஒரு தண்ணீர்க் குழாய், கொடியில் காயும் துண்டுகள், ஒரு செடியில் நாலு தக்காளி.

மெத்தைக் கடைக்குப் போனாள். துணிப் பலகை இல்லை. உள்ளே கூரைவரை பட்டாசு அடுக்கியிருந்தது. ராய்ஸின் சித்தப்பா மகன் முக்காலியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான்.

"எங்கடா உன் அண்ணன்?"

"ஃப்ளோரிடா போயிட்டாரு. ஜனவரிலதான் வருவாரு."

"போன் நம்பர் குடு."

"அது மாத்திட்டாரு போல. ராக்கெட் வேணுமா? ஒண்ணு வாங்கினா ஒண்ணு சும்மா."

"உன் அண்ணன் வாயில வச்சுக் கொளுத்து" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

ஒரு வாரம் யோசித்தாள். வரித்துறைக்கு போன் போட்டுக் காத்திருந்து, சலித்து, நாய்கள்மேல் எரிந்து விழுந்தாள். பிறகு, சுத்தமான சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு டெல்ஃபா வீட்டுக்குப் போனாள். முன்னறைதான் அலுவலகம். அவள் வண்டியைப் பார்த்ததும் முற்றத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்த ஆர்வில், இயந்திரத்தை ஓடவிட்டபடியே கொட்டகைக்குள் புகுந்தான். 'இன்னமும் அதே ஆண்மைதான்' என்று நினைத்துக்கொண்டு படியேறினாள்.

டெல்ஃபா எழுந்து நின்றாள். ஒல்லி, கறுப்புச் சட்டை, முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"உக்காருங்க."

"உக்கார வரல. உன் உரிமம் இன்னும் இருக்கா, புடுங்கிட்டாங்களா?"

"இருக்கு. நம்பர் சொல்றேன், வரித்துறைல விசாரிச்சுக்கோங்க. அவங்க தளத்துலயும் பேரு இருக்கும்."

அவளை நிற்கவைத்துவிட்டு லொரீன் கைப்பேசியை எடுத்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, எழுத்து எழுத்தாகத் தட்டிப் பார்த்தாள். டெல்ஃபா கைகளைக் கட்டிக்கொண்டு பொறுமையாக நின்றாள். பேர் இருந்தது. லொரீனுக்கு அதிலும் எரிச்சல்தான் வந்தது. அதன் பிறகே உட்கார்ந்து கடிதத்தை மேசையில் போட்டாள்.

டெல்ஃபா படித்தாள். "யாரு போட்டது? ராய்ஸா?"

"ஆமா."

"உங்ககிட்ட காப்பி இருக்கா?"

"குடுக்கல."

"கேட்டீங்களா?"

லொரீன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தாள்.

"ஒரு பூடில் நாய உங்ககிட்ட விடறதுக்கு முன்னாடி பொம்பளைங்க என்னென்ன கேக்கறாங்க? கத்திரிய கழுவினீங்களா, தண்ணி சூடா, இதுக்கு முன்னாடி எத்தன பூடில் பாத்திருக்கீங்க... ஒரு முடிக்கு இவ்ளோ. உங்க மொத்தக் குடுத்தனத்தையும் அவன் கைல குடுத்தப்போ ஒண்ணும் கேக்கத் தோணலையா?"

"உங்கிட்ட வர மனசில்ல. அதான்."

"தெரியும்" என்றாள் டெல்ஃபா. குத்தலும் இல்லை, வருத்தமும் இல்லை. "ஆனா வரித்துறைக்கு ராய்ஸுன்னு ஒரு ஆளே கிடையாது. தாள்ல அவன் கையெழுத்து இல்ல. நீங்களே போட்டு நீங்களே அனுப்பினதாத்தான் இருக்கு. பொய் சொன்னது நீங்க."

தன் சார்பில் வரித்துறையிடம் பேச லொரீன் அதிகாரம் எழுதிக்கொடுத்தாள். டெல்ஃபா வரித்துறையிடமிருந்து அந்த இரண்டு வருஷக் கணக்கையும் வரவழைத்தாள். அவர்கள் அனுப்பிய ரீஃபண்டில் கணிசமான துண்டு ராய்ஸின் வங்கிக் கணக்குக்கே நேராகப் போயிருந்தது. லொரீனிடம் தனியாக வாங்கிய பங்கு அதற்குமேல். அதையும் சேர்த்து முழுவதையும் லொரீன்தான் திருப்பிக் கட்டவேண்டும், வட்டியோடும் அபராதத்தோடும்.

"இனி திருத்தின கணக்கு போடணும். இந்தத் தடவ ஒழுங்கா" என்ற டெல்ஃபா, லொரீன் கொண்டுவந்திருந்த ரசீதுப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். "டிப்ஸ் எவ்ளோ வரும்?"

"என்ன டிப்ஸ்?"

"நாய கூட்டிட்டுப் போறப்போ கைல திணிக்கறாங்களே, அது."

"அதெல்லாம் ஒரு வருமானமா? உன் புருஷன் எங்கூட இருந்தப்போ அதக் கேக்கலையே நீ!"

"கேட்டேன். ஆர்வில் இல்லைன்னு சொன்னாரு. இப்போ எனக்கு அவர நல்லாத் தெரியும்."

லொரீனுக்கு வந்த சிரிப்பை இருமலாக மாற்ற வேண்டியிருந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"அந்தத் திருடன் போட்ட பொய்ய எடுக்கத்தான் வந்தேன். என் பொய்ய எடுக்க இல்ல."

"அப்போ நான் உங்களுக்கான ஆள் இல்ல. உண்மையான கணக்குன்னாதான் என் பேரு கீழ வரும். மலைக்கு அந்தப் பக்கம் வேற ஆளுங்க இருக்காங்க, போய்ப் பாருங்க. அவங்களும் இதையேதான் கேப்பாங்க." பெட்டியை மறுபடி தள்ளினாள்.

ராய்ஸும் இப்படித்தான் அந்தப் பெட்டியைத் தள்ளினான் என்பது லொரீனுக்கு நினைவு வந்தது. அவன் பார்க்க மறுத்தான். இவள் பொய்யாகப் பார்க்க மறுக்கிறாள். இரண்டு பேரையும் ஒரே தராசில் வைத்துத் திட்ட முடியவில்லை என்பது அவளுக்கு அருவருப்பாக இருந்தது. டிப்ஸ் கணக்கைச் சொன்னாள். ஒவ்வொன்றையும் பல்லைப் பிடுங்கிக் கொடுப்பதுபோலச் சொன்னாள்.

அந்த மின்சார மேசையை விற்றாள். அபராதத்தில் ஒரு பகுதிக்குத் தள்ளுபடியை டெல்ஃபா எழுதி வாதாடி வாங்கினாள். மீதியைத் தவணையில் கட்ட ஏற்பாடு ஆனது. அதோடு ராய்ஸின் மேல் புகார் ஒன்றையும் லொரீன் கையெழுத்திட்டு அனுப்பினாள்.

அங்கேதான் ஊர் அவள்மேல் பாய்ந்தது. விசாரணைக்கு ஆட்கள் வந்ததும், ராய்ஸ் போட்ட கணக்கெல்லாம் தோண்டப்பட்டது. மார்லோ ஃபோர்க்கில் டிராக்டர் இல்லாத வீடே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சக்கர நாற்காலியில் இருக்கும் கிழவர் பெயரில் கோதுமை வயல். தையல்காரி பெயரில் மாட்டுப் பண்ணை. எல்லோருக்கும் கடிதம் வந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தது ராய்ஸை அல்ல, லொரீனை.

நெட்ரா வேலியோரம் வந்தாள். இந்த முறை சாய்ந்து நிற்கவில்லை.

"வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாமில்ல? அவரு நமக்கு நல்லதுதானே பண்ணாரு!"

"உன் கூரைக்கு எவன் பணம் குடுத்தான்னு நெனச்ச? ஆண்டவரா?"

"நீ போட்டுக் குடுக்காம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"நெட்ரா, எனக்கு வந்த கடிதாசி நான் எழுதிக்கிட்டது இல்ல. உனக்கும் வந்திருக்கும். உனக்குப் படிக்கத் தெரியும்னு வேற அவங்க நம்பியிருப்பாங்க."

நாய்கள் வருவது நின்றது. காசு செலவழித்து நகரத்துக்குக் கொண்டுபோனார்கள், அல்லது அழுக்கோடு விட்டார்கள். கடைவீதியில் சடை விழுந்த நாய்களைப் பார்த்துக்கொண்டே லொரீன் வண்டி ஓட்டினாள். 'வரிக்குப் பயந்த பேடிகள், நாய்மேல் காட்டுகிறார்கள்' என்று தனக்குத்தானே முனகினாள். குளிர்காலம் முழுவதும் பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்தில் தட்டுக் கழுவி அவள் தவணையைக் கட்டினாள்.

ராய்ஸை ஃப்ளோரிடாவிலிருந்து கொண்டுவந்தார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டான். தண்டனை சொல்லும் நாளில் பாதிக்கப்பட்டவர்கள் பேசலாம் என்று லொரீனுக்கும் அழைப்பு வந்தது. டெல்ஃபா தன் காரில் அழைத்துப் போனாள். வழியில் இருவரும் பேசிக்கொண்டது ஹீட்டரைக் குறைப்பதைப் பற்றி மட்டும்தான்.

நீதிமன்றத்தின் பின்வரிசைகளில் சபையார் உட்கார்ந்திருந்தார்கள், ராய்ஸுக்காக. அவனால் மோசம் போனவர்கள்தான் அத்தனை பேரும். லொரீன் எழுந்து, தான் எழுதிக்கொண்டு வந்ததை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுச் சுருக்கமாகப் பேசினாள்: "இவன் திருடன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் போனேன். என் தப்புக்கு நான் கட்டிட்டிருக்கேன். இவன் தப்புக்கும் நானே கட்டிட்டிருக்கேன். ரெண்டாவதுதான் எனக்கு ஜீரணமாகல."

பிறகு ராய்ஸ் பேசினான். அழுதான். சபையாரைப் பார்த்து மன்னிப்புக் கேட்டான். கடைசியில் லொரீன் பக்கம் திரும்பி, கையை நெஞ்சில் வைத்து, "சிஸ்டர், உங்கள நான் மன்னிச்சிட்டேன்" என்றான்.

பின்வரிசையில் விசும்பல் கேட்டது. யாரோ ஆமென் சொன்னார்கள். லொரீனுக்குச் சிரிப்பு பீறிட்டது. வாயைப் பொத்தினாள், நிற்கவில்லை. அவளை வெளியே அழைத்துப் போகும்படி நீதிபதி சைகை காட்ட வேண்டியதாயிற்று. தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தபோது டெல்ஃபா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் சிறைக்குப் போகிறான் என்று சொன்னாள். சில வருஷங்கள். அப்புறம் அவளும், சத்தமில்லாமல், தோள் குலுங்கச் சிரித்தாள். லொரீன் அவளைச் சற்று வியப்போடு பார்த்தாள். இவளுக்குப் பல் இருப்பதே அதுவரை தெரியாது.

அதற்காக அவர்கள் தோழிகளாகிவிடவில்லை. வழியில் ஓர் உணவுக்கடையில் பீன்ஸும் சோளரொட்டியும் சாப்பிட்டார்கள். டெல்ஃபா ரசீதை மடித்துப் பத்திரப்படுத்துவதைப் பார்த்து, ஆர்விலுக்குத் தகுந்த தண்டனைதான் கிடைத்திருக்கிறது என்று லொரீன் முடிவுசெய்தாள்.

வசந்தம் வந்தபோது நெட்ராவின் நாய்க்கு உண்ணி பிடித்தது. பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு காலையில் அதைக் கயிற்றில் கட்டி லொரீனின் ட்ரெய்லர் வாசலுக்குக் கூட்டிவந்தாள். லொரீன் நாயை மட்டும் வாங்கிக்கொண்டாள். நெட்ரா போகவில்லை. வாசலில் நின்றபடி துண்டுகளை எண்ணுவதுபோல் பார்த்தாள்.

"அந்த டெல்ஃபா... எப்படி?"

"அவளா? மூஞ்சியப் பாத்தா பால் திரிஞ்சிடும். ஒரு மிட்டாய் வைக்க மாட்டா. நீ என்ன சொன்னாலும் நம்ப மாட்டா, காகிதத்தக் காட்டுன்னுவா. உனக்கு ஞாபகமே இல்லாத காசெல்லாம் எழுத வைப்பா. திரும்பி வர்ற பணம் பிசாத்து."

"அவ்ளோ மோசமா?"

"அதான் சொல்றேன், அவகிட்ட போ" என்று சொல்லிவிட்டு, லொரீன் நாயைத் தொட்டிக்குள் தூக்கி வைத்துத் தண்ணீரைத் திறந்தாள்.